ஊசி போட்டுட்டுத் தொடுங்க

எங்கள் குடும்பத்துக்கு ஒரு பெருமை உண்டு. சொத்து பத்து கிடையாது, படிப்பு கிடையாது, பார்க்க லட்சணமாக இருப்பார்கள் என்றும் யாரும் சொன்னதில்லை. ஆனால் எங்களுக்கு வலி தெரியாது. இப்படித்தான் ஊரில் சொல்வார்கள், நாங்களும் சொல்லிக்கொள்வோம்.

என் அப்பா கொத்தனார். கடைவாய்ப் பல்லை ஊசி போடாமல் பிடுங்கச் சொல்லி உட்கார்ந்தவர். என் அண்ணன் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். கணுக்கால் எலும்பு விட்டுப்போனது தெரியாமல் மூன்று நாள் மூட்டை தூக்கினான். என் அக்கா பிரசவத்தில் முனகக்கூட இல்லை. மருத்துவச்சி பயந்துபோய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாளாம், மூச்சு இருக்கிறதா என்று. சொந்தக்காரர்கள் கூடினால் முதலில் இந்தக் கதைகள்தான் வரும். டீ எல்லாம் அப்புறம்.

கதை முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைப்போம். முழங்கைக்கு மேலே உள்பக்கம், சதை மெத்தென்று இருக்குமே, அங்கே ஒரு கிள்ளு. முகம் கோணாமல் நிற்கிற பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். விளையாட்டுதான். எங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள விளையாட்டு. கிள்ளுகிறவன் நான். என் விரல் அப்போது நல்ல பலம்.

வருஷா வருஷம் பாக்கெட்டை வாங்கியது என் அக்கா பேத்தி. ஆறு வயதில் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் திருகுவேன். அவள் இமைகூட அசையாது. "இது பிள்ளை இல்லைப்பா, இரும்பு" என்றேன் ஒரு தடவை. அன்றிலிருந்து பேர் அதுதான். பள்ளிக்கூடத்துப் பேர் எங்களில் பாதிப் பேருக்கு மறந்தே போச்சு.

அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அவள் அப்பா போய்விட்டார். வேலைக்குப் போன மனுஷன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு வீடு நிறைய அழுகை. இரும்பு அழவில்லை. தண்ணீர்க் குடத்தை எடுத்து எடுத்து வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தாள். நான் அவள் தோளைத் தட்டி, "பார்த்தியா, இதான் எங்க ரத்தம்" என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். ஒன்பது வயது. நான் சொன்னதை அவள் கேட்டாள். கேட்டு வைத்துக்கொண்டாள்.

இந்த வயதிலும் யார் யாருக்கு என்ன உறவு, எந்த வருஷம் யார் பிறந்தார் என்பதெல்லாம் எனக்கு விரல் நுனியில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பது மட்டும் தெரியவில்லை. பதினைந்து வயதில் அவள் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள். எதனால், எப்படி என்பதை நான் எழுதப்போவதில்லை. அதைத் தெரிந்துகொண்டு யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அவள் அம்மா, அதாவது என் அக்கா மகள், பஸ் டிப்போவில் சீட்டுக் கொடுக்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் வேலை பார்க்கிறவள். காலையிலிருந்து ஊரே அவளிடம் "எப்ப வரும், எப்ப வரும்" என்று கத்தும். வீட்டுக்கு வந்தால் அவளுக்குச் சத்தம் ஆகாது. துணி துவைக்கும்போது மகளின் சட்டைக் கையைப் பார்த்திருக்கிறாள். புரிந்திருக்கிறது. அவள் மகளைக் கேட்கவில்லை, அடிக்கவில்லை, அழவும் இல்லை. மறுநாள் கடைக்குப் போய் ஆறு முழுக்கைச் சட்டை வாங்கி வந்து கட்டில்மேல் வைத்தாள்.

"வெயிலா இருந்தாலும் இதையே போட்டுக்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருத்திதான் கண்டுபிடித்து, சுகாதார நிலையத்தில் மனசு விஷயம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் அனுப்பினாள். எங்கள் வீட்டில் அந்த அம்மாவுக்குப் பேர் பேச்சு டாக்டர். மாத்திரையைவிடப் பேச்சு அதிகம் கொடுக்கிறாள் என்று.

அப்போதுதான் என் அக்கா மகள் எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். "மாமா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பொண்ணு கையைக் கெடுத்துக்கிட்டா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது இரும்பாச்சே, அதுக்குத்தான் வலிக்காதே. விடு, சரியாப்போயிடும்" என்றேன்.

போனைச் சத்தமாக வைத்திருந்தாளாம். பெண் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாளாம். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பேச்சு டாக்டரிடம் வாரம் ஒரு நாள் போனாள். அங்கே நடந்ததை அவளே பின்னால் எனக்குச் சொல்லியிருக்கிறாள். முதல் நாள் டாக்டரம்மா கேட்டாராம், ரொம்ப வலிச்சிருக்குமே என்று.

"எனக்கு வலிக்காது டாக்டர்."

"யார் சொன்னாங்க?"

"எல்லாரும்."

"உன் உடம்பைப் பத்தி எல்லாரும் சொல்றாங்களா? நல்ல கூத்தா இருக்கே" என்றாராம் அந்த அம்மா. அவளுக்கு என்னவோ போல ஆகிவிட்டது. யாருமே அப்படிக் கேட்டதில்லை.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். சில பேருக்கு மனசு அடிபட்டு அடிபட்டு உடம்பும் சேர்ந்து மரத்துப்போகுமாம். தன்னைக் காயப்படுத்திக்கொள்கிற பிள்ளைகள் நிறையப் பேருக்கு வலி மட்டுப்பட்டுத்தான் தெரியுமாம். தெரியவில்லை என்பதால் அடி இல்லை என்று ஆகாது, ரேடியோவில் சத்தத்தைக் குறைத்துவிட்டால் பாடுகிறவர் எழுந்து போய்விட்டாரா என்றாராம். காயப்படுத்திக்கொண்டால் அந்த நேரத்துக்கு மனசு அடங்கின மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் ரெண்டு பங்காகத் திரும்பி வரும், வேறு வழி பார்ப்போம் என்று சொல்லி, வாராவாரம் உட்கார வைத்துப் பேசினார்.

பத்தொன்பது வயதில் இரும்பு வேலைக்குச் சேர்ந்தாள். அதற்குள் மெதுவாக உடம்பு திரும்பி வர ஆரம்பித்திருந்தது. தலை சீவும்போது சிக்கு இழுத்தால் தெரிந்தது. ஒரு நாள் புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது. நொண்டிக்கொண்டே பேச்சு டாக்டரிடம் போய், "கடிக்குது டாக்டர், நல்லாக் கடிக்குது" என்று சிரித்தாளாம். செருப்பு கடித்ததற்குச் சிரித்த பெண்ணை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் வலிக்கிறது என்ற சொல்லை வீட்டில் ஒரு நாளும் அவள் சொன்னதில்லை. எங்களில் ஒருத்தரிடமும் இல்லை. சொன்னால் நம்புவார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லி, நாங்கள் சிரித்துவிட்டால் அப்புறம் எங்கே போவது?

வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஓட்டல் துணி, ஆஸ்பத்திரித் துணி, எல்லாம் வண்டி வண்டியாக வரும். துவைத்த விரிப்புகளை ரோலர் மெஷினில் ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் தேய்த்துக் காய்ந்து அப்பளமாக வரும். வருகிற விரிப்பை ரெண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடிக்க வேண்டும். கொதிக்கும். புதிதாக வருகிறவள் முதல் நாளே உள்ளங்கையை ஊதிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

ரோலர் பக்கம் நிற்கிறவர்கள் முழுக்கை போடக்கூடாது என்று சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள். துணியோடு கையையும் உள்ளே இழுத்துவிடும். ஆனால் இரும்பு முழுக்கையோடுதான் நின்றாள். மேஸ்திரியம்மா கண்டும் காணாமல் இருந்துவிட்டாள், ஏனென்றால் அவளைப் போல வேகமாக விரிப்பை உருவ ஆள் இல்லை. அந்தக் கூடத்தில் எங்கள் தெருக்காரி ஒருத்தி வேலை பார்த்தாள். அவள் வாய் வழியாகப் பேர் அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது.

அவளோடு மறுமுனையைப் பிடிக்கிறவள் ஐம்பது வயதுக்காரி. கழுத்து நீளம் என்பதால் எல்லாரும் கொக்கு என்பார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. "கழுத்து நீளமா இருக்கறதாலதான் உங்க எல்லார் வண்டவாளமும் எனக்குத் தெரியுது" என்பாள்.

ஒரு நாள் இரும்பு விரிப்பைக் கீழே வைத்துவிட்டு, "மேஸ்திரியம்மா, ரொம்பச் சுடுது. ஒரு ஜோடி கையுறை குடுங்க" என்று கேட்டாள்.

கூடமே சிரித்தது. "இரும்புக்குச் சுடுதாம்டி." "நேத்து யாரோ மாத்தி வெச்சுட்டாங்க, இது தகரம்." இப்படி ஆளுக்கொன்று. மேஸ்திரியம்மாவும் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இரும்பு விரிப்பை மறுபடி கையில் எடுத்தாள். கொக்கு மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த நாள் வீட்டிலிருந்து தடித் துணியில் உறை தைத்து எடுத்து வந்து அவள் மடியில் போட்டாள். "எனக்குத் தைச்சது, அளவு தப்பிடுச்சு, நீ போட்டுக்க" என்றாள். அளவு கச்சிதமாக இருந்தது.

அது நடந்து ரெண்டு வாரம் இருக்கும். முற்பகல் பதினொரு மணி. ஈரத்துணி ஏற்றின கம்பி வண்டி ஒன்று, சக்கரத்துப் பூட்டு பழுதானது, சாய்வுப் பாதையில் தானாக உருண்டு வந்தது. பழுது என்று மேஸ்திரியம்மாவிடம் மூன்று தடவை சொல்லியாயிற்றாம். இரும்பு திரும்புவதற்குள் வண்டியின் விட்டுப்போன கம்பி நுனி இடது முன்கையைச் சட்டையோடு கிழித்துவிட்டது. கொக்கு துண்டைச் சுற்றி, அவளை இழுத்துக்கொண்டு நாலு தெரு தள்ளி இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அந்தக் கை காயம் பட்டுப் பட்டுத் தழும்பேறின கை. ஆனால் அதற்கு முன்னால் எட்டு மாசம் அவள் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவே இல்லை. எட்டு மாசம் என்பது அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை.

காயம் கட்டுகிற அறையில் கம்பவுண்டர் இருந்தார். கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், ராத்திரி முழுக்க வேலை பார்த்த டாக்டர் சாப்பிட்டுப் படுக்கப் போயிருந்தார். கத்தரிக்கோலால் சட்டைக் கையை வெட்டி எடுத்தார். எடுத்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"இது என்ன?"

"இது இன்னைக்கு வண்டி கிழிச்சது."

"நான் மத்ததைக் கேக்கறேன்."

"மத்தது நான்" என்றாள் இரும்பு.

கொக்கு அப்போதுதான் முதல் முதலாகப் பார்க்கிறாள். நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கம்பவுண்டர் சீட்டில் என்னவோ எழுதினார். பிறகு ஊசியையும் நூலையும் தட்டில் எடுத்து வைத்தார். "நாலு தையல் போதும். கையை நீட்டு."

"மரத்துப்போற ஊசி?"

"உனக்கு எதுக்கு? இத்தனையும் ஊசி போட்டுக்கிட்டா பண்ணினே? உனக்குப் பழக்கம்தானே."

கொக்கு சொன்னாள், "ஐயா, வாயை அளந்து விடுங்க. எனக்கும்தான் மூணு பிரசவம் ஆயிருக்கு. ரெண்டு பார்த்துட்டேன்னு மூணாவது வலிக்காம போச்சா?"

"நீங்க வெளிய இருங்கம்மா."

"இருக்கமாட்டேன்."

இந்த நேரத்தில்தான் நானும் என் அக்கா மகளும் போய்ச் சேர்ந்தோம். யாரோ டிப்போவுக்குப் போன் போட்டு, அவள் எனக்குச் சொல்லி, ரெண்டு பேரும் ஆட்டோ பிடித்து வந்தோம். கதவு திறந்தே இருந்தது. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு உள்ளே மகளின் வெறுங்கை தெரிந்தது. என் அக்கா மகள் முதலில் காயத்தைப் பார்க்கவில்லை. அந்த இருபது பேரைத்தான் பார்த்தாள். தோளில் கிடந்த துப்பட்டாவை எடுத்து மகள் கைமேல் போட்டு மூடினாள். மூடிவிட்டுக் கம்பவுண்டரிடம் சொன்னாள்:

"சார், சீக்கிரம் தைச்சு முடிச்சிடுங்க. ஊசியெல்லாம் வேண்டாம், அவ தாங்குவா. எங்க குடும்பமே அப்படித்தான்."

நானும் சும்மா இருந்தேனா? "எங்கப்பா கடைவாய்ப் பல்லையே ஊசி இல்லாமத்தான் புடுங்கிக்கிட்டாருங்க" என்றேன். பழக்க தோஷம். அந்த இடத்தில், அந்த நேரத்தில், அந்தப் பெண்ணுக்கு முன்னால்.

கம்பவுண்டர் "பார்த்தியா" என்பது போல அவளைப் பார்த்து, கையைப் பிடித்தார்.

இரும்பு கையை உருவிக்கொண்டாள்.

"எனக்கு வலிக்கும்" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. பஸ் சீட்டுக் கேட்கிறவர்கள் ஊர்ப் பேரைச் சொல்வார்களே, அப்படிச் சொன்னாள். "எனக்கு வலிக்கும். ஊசி போட்டுட்டுத் தொடுங்க. போடாம யாரும் என்னைத் தொட வேண்டாம்."

"ஊசி மருந்து கொஞ்சம்தான் இருக்கு, தேவைப்படறவங்களுக்கு..."

"எனக்குத் தேவை."

"டாக்டர் வந்துதான் சொல்லணும்."

"அப்ப அவர் வரட்டும்" என்று எழுந்தாள். துண்டைக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தாழ்வாரத்தில் டாக்டர் அறை வாசலில், வருகிறவர் தாண்டித்தான் போக வேண்டும் என்கிற இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். கொக்கும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் துண்டின்மேல் தன் கையையும் வைத்து அழுத்தினாள்.

என் அக்கா மகள் குனிந்து, "எல்லாரும் பாக்கறாங்கடி. உள்ள வா. கையையாவது மூடு" என்றாள்.

"பாக்கட்டும்மா. ஆறு சட்டை வாங்கிக் குடுத்தே. ஒரு வார்த்தை கேட்டியா?"

"என்னன்னு கேப்பேன்? கேக்க பயமா இருந்துச்சுடி."

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல தனித்தனியா பயந்துக்கிட்டு இருந்தோம்."

துப்பட்டாவை எடுத்து அம்மா கையிலேயே கொடுத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, உங்கப்பாவுக்கு வலிக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கூட இருந்தீங்களா?"

இருந்தேன். எனக்கு அப்போது ஏழு வயது. அறுபத்தைந்து வருஷமாக நான் அந்தக் கதையைப் பாதியோடு நிறுத்திவிடுவேன். மீதிப் பாதியை என் அண்ணனுக்கும் சொன்னதில்லை, அக்காவுக்கும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அப்பா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். சிமெண்டுப் பையை வாயில் அடைத்துக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்து, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். என்னைப் பார்த்ததும் "போடா" என்று கையை ஆட்டினார். நான் ஓடிவிட்டேன். வாசலில் மாமன்மார்கள், "உங்கப்பன் அசையலையாமே" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அவ்வளவு பேர் சந்தோஷமாகக் கேட்கும்போது வேறென்ன சொல்வது? அதற்குப் பிறகு அப்படியே சொல்லி வந்துவிட்டேன்.

அந்தத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு இதைச் சொன்னேன். வரிசையில் இருந்தவர்களும் கேட்டார்கள்.

என் அக்கா மகள் என்னையே பார்த்தாள். ஆறுதலாக ஒரு சொல் சொல்வாள் என்று நினைத்தேன். "இத்தனை வருஷம் இதை ஏன் மாமா சொல்லலை?" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "எங்கம்மாவும் அப்படித்தான் எங்கயாவது போய் அழுதிருப்பாங்களா? நான் அவங்களைப் பார்த்து, அவங்க உங்களைப் பார்த்து..." முடிக்கவில்லை. மகளுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டாள், டிப்போச் சீருடையோடு.

கொக்குவுக்குப் படிக்கத் தெரியாது. உள்ளேயிருந்து வரும்போது கையோடு எடுத்து வந்திருந்த சீட்டை என்னிடம் நீட்டினாள். "பெரியவரே, அந்த ஆள் என்னமோ கிறுக்கினார், படிங்க." எனக்கும் படிப்பு அஞ்சாம் வகுப்புதான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'தானே ஏற்படுத்திக்கொண்ட காயம்' என்று இருந்தது.

"இது பொய்" என்றாள் இரும்பு. "பழசு என்னோடது. அதை நான் மறைக்கலை. இது வண்டியோடது. ரெண்டையும் கலக்காதீங்க."

டாக்டர் வந்தபோது மணி ஒன்றரை. வாசலில் நாலு பேர் மறித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்து, "என்ன இது, போராட்டமா?" என்றார். வயசு முப்பதுக்கு மேல் இருக்காது, கண்ணில் தூக்கக் கலக்கம்.

"சார், எனக்குத் தையல் போடணும். ஊசி போட்டுட்டுப் போடணும்" என்றாள். கம்பவுண்டர் பின்னாலிருந்து அவர் காதில் என்னவோ சொன்னார். டாக்டர் கையைப் பார்த்தார். "நாலு தையல்தானேம்மா, ஒரு நிமிஷம் பல்லைக் கடிச்சா..."

"கடிக்கமாட்டேன். பத்தொன்பது வருஷம் கடிச்சாச்சு."

வரிசையில் காலில் கட்டோடு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார், மீசை வைத்த பெரியவர். அவர் ஊன்றுகோலால் தரையைத் தட்டினார். "டாக்டரே, போன மாசம் எனக்கும் நாலுதான். இதே ரூம்தான், இதே ஆள்தான். கேக்காமலே ஊசி போட்டாரு. இந்தப் பொண்ணுக்கு மட்டும் என்ன, வேற தோலா?"

டாக்டர் திரும்பினார். "மருந்து இருக்கா?" என்று கம்பவுண்டரைக் கேட்டார்.

"இருக்கு சார்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பொண்ணு ரெண்டு மணி நேரமா தரையில உட்கார்ந்திருக்கு?"

கம்பவுண்டர் மருந்து எடுக்க உள்ளே போனார். சீட்டை வாங்கி, எழுதினதை அடித்து, 'பணியிடத்தில் தள்ளுவண்டி கிழித்தது' என்று டாக்டரே எழுதினார். இரும்பு அதை என்னிடம் காட்டி ஒரு தடவை படிக்கச் சொன்னாள். படித்த பிறகுதான் எழுந்தாள்.

உள்ளே நாங்கள் மூன்று பேரும் போனோம். யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. மரத்துப்போகிற ஊசியே முதலில் சுருக்கென்று இருக்குமே, அது இறங்கியதும் அவள் முகம் சுருங்கியது. அந்த முகம் சுருங்கி நான் பார்த்ததே இல்லை. ஆறு வயதில் நான் திருகியும் சுருங்காத முகம். எனக்கு என் விரல்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"வலிக்குது" என்றாள்.

"வலிக்கும்மா. ரெண்டு நிமிஷத்துல மரத்துடும்" என்றார் டாக்டர். ரெண்டு நிமிஷம் கழித்து நுனியால் தொட்டுப் பார்த்தார். "தெரியுதா?"

"தெரியுது."

அவர் இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றினார். காத்திருந்தார். மறுபடி தொட்டார்.

"இப்ப?"

"இப்ப இல்லை. இப்பத் தைக்கலாம்."

தைக்கும்போது அவள் அழுதாள். வலியில் இல்லை, மரத்துத்தான் இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கியது, அவள் துடைக்கவில்லை. டாக்டர் நிறுத்தி, "வலிக்குதா?" என்று கேட்டார். "இல்லை, நீங்க தைங்க. நான் அழுதுக்கிறேன்" என்றாள். கொக்கு மூக்கைச் சிந்திக்கொண்டே, "அழு, அழு. ஓட்டல் விரிப்பு நனையாது" என்றாள். அழுதுகொண்டே சிரித்துவிட்டாள் பெண்.

இதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று எழுதினால் நான் மறுபடி கதையைப் பாதியோடு நிறுத்துகிறவன் ஆவேன். இரும்பு என்கிற பேரை விட்டுவிடச் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் சம்மதிக்கவில்லை. "நாங்க ஆசையாத்தானே கூப்பிடறோம்" என்றார்கள். என் அண்ணன் என்னோடு மூன்று மாசம் பேசவில்லை, அப்பா மானத்தை ஆஸ்பத்திரியில் வைத்து வாங்கிவிட்டேனாம். அடுத்த தடவை சொந்தம் கூடியபோது என் சித்தப்பா மகன் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தான். நான் போய் அந்தப் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து ஆளுக்கு ரெண்டு கொடுத்துவிட்டேன். "கிள்ளாமலேயா?" என்றது ஒரு வாண்டு. "கிள்ளாமலேதான். எவனாவது கிள்ளினா ஊருக்கே கேக்கற மாதிரிக் கத்து" என்றேன். அந்தப் பக்கமிருந்து அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை.

அவளுக்கும் நடுவில் ஒரு தடவை பழையபடி கை தவறிப்போனது. அன்றைக்கே அவள் தன் அம்மாவை எழுப்பி உட்கார வைத்து, "அம்மா, இன்னைக்கு முடியலை" என்று சொல்லியிருக்கிறாள். அம்மா சட்டை வாங்கக் கடைக்குப் போகவில்லை. மகளோடு பேச்சு டாக்டரிடம் போய் வரிசையில் உட்கார்ந்தாள், டிப்போவுக்கு லீவு போட்டுவிட்டு. இப்போது வாராவாரம் ரெண்டு பேரும் போகிறார்கள். போகும்போது சண்டை, வரும்போது சண்டை. அந்த வீட்டில் இப்போது நல்ல சத்தம்.

சலவைக்கூடத்தில் அரைக்கைச் சட்டையோடுதான் நிற்கிறாள். முதல் நாள் ஒருத்தி, "ஐயோ, இது என்னடி?" என்று கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். "என்னோட பழைய காயம். ஆறிடுச்சு. இப்ப நீ பிடிக்கிற பிடிதான் வலிக்குது, விடு" என்றாளாம். மேஸ்திரியம்மா ரோலர் பக்கம் நிற்கிற எல்லாருக்கும் கையுறை வரவழைத்தாள், வண்டியின் பூட்டையும் மாற்றினாள். நல்லெண்ணத்தில் இல்லை. டாக்டர் எழுதின சீட்டை இந்தப் பெண் அவள் மேஜைமேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள், அதனால்.

இதற்கெல்லாம் முன்னால், தையல் பிரிக்கப் பத்தாம் நாள் வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா வருகிறேன் என்றாள், கொக்கு வருகிறேன் என்றாள். அம்மாவை வேலைக்கு அனுப்பிவிட்டாள். நீங்கள் வந்தால் அந்தக் கம்பவுண்டரை அடித்துவிடுவீர்கள் என்று கொக்குவை நிறுத்திவிட்டாள். எனக்கும் அன்றைக்கு அதே ஆஸ்பத்திரியில் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. அதனால் கதவுப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அதே கம்பவுண்டர். கட்டைப் பிரித்தார், கத்தரியைக் கழுவி எடுத்தார். முகத்தைப் பார்க்காமலே, "தையல் பிரிக்கறதுக்கு ஊசியெல்லாம் கிடையாது. இது வலிக்காது" என்றார்.

"வலிக்குதா இல்லையான்னு நான் சொல்றேன்" என்றாள். "நீங்க எடுங்க."

முதல் தையலை எடுத்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டாவதையும் எடுத்தார். மூன்றாவது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது போல, இழுத்தார்.

"வலிக்குது."

அவர் கத்தரியைத் தட்டில் வைத்துவிட்டார். பஞ்சை நனைத்து அந்த இடத்தில் வைத்து, ஊறட்டும் என்று காத்திருந்தார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"இருங்க" என்றாள் அவள்.

அவர் இருந்தார்.